எட்டு எழுத்தும் பத்து மாதமும்

நம் சங்கத்துக் குடும்பங்களில், கம்ப்யூட்டர்த் தொழிலில் ஈடுபட்ட பிள்ளையோ பெண்ணோ மருமகனோ ஒருவராவது இல்லாத வீட்டைக் காண்பது இந்நாளில் அரிது. இரவு ஒன்பது மணிக்குக் களைத்துத் திரும்பும் அவர்களை, 'இன்று என்ன வேலை நடந்தது?' என்று பெரியவர்கள் வாஞ்சையோடு கேட்டால், 'ஒரு பிழை இருந்தது. தேடிக்கொண்டிருந்தேன்' என்று ஒரே வரியில் பதில் வரும். 'அகப்பட்டதா?' என்றால், 'இல்லை' என்பார்கள். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். நாள் முழுவதும் தேடியும் அகப்படாத பிழை எவ்வளவு பெரியதாக இருக்கவேண்டும் என்று எண்ணிப் பெரியவர்கள் மேற்கொண்டு கேளாமல் விட்டுவிடுகிறார்கள். பிழையின் அளவுக்கும் அதைத் தேடும் காலத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல, நாம் நெடுநாளாக ஒரு நல்ல உதாரணத்தை நாடிவந்தோம். 2022-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்தில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பிழையின் வரலாறு இதற்கு மிகவும் பொருந்துகிறது. அதைக் கண்டுபிடித்தவரே ஒளிவுமறைவின்றி முழுவதையும் எழுதி வெளியிட்டிருப்பதால், ஊகத்துக்கு இடமின்றிச் சொல்லக் கூடியதாகவும் இருக்கிறது.

அவர் பெயர் மாக்ஸ் கெல்லர்மன். பிறருடைய இணையத் தளங்களைத் தன் கம்ப்யூட்டர்களில் வைத்து நடத்திக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் அவருக்கு மென்பொருள் எழுதும் வேலை. ஒரு தளத்துக்கு யார் யார் எப்பொழுது வந்தார்கள் என்பதை அக்கம்பெனி ஒரு பதிவேடாகக் குறித்து வைக்கும். நாள்தோறும் நள்ளிரவுக்குப் பின், முந்திய நாளின் பதிவு தளவாரியாகப் பிரிக்கப்பட்டு, இடத்தைச் சிக்கனப்படுத்தும்பொருட்டுச் சுருக்கப்பட்டு, தனித்தனிக் கோப்புகளாக வட்டில் சேமிக்கப்படும். வாடிக்கையாளர்கள் வேண்டும்போது ஒரு மாதத்துப் பதிவுகளை ஒன்றாகக் கட்டிப் பெற்றுக்கொள்ளலாம்.

2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் தேதி ஒரு வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது. இறக்கிக்கொண்ட பதிவைப் பிரிக்க முடியவில்லை என்பதே புகார். கெல்லர்மன் பார்த்தார். ஒரு நாளைய கோப்பில் மட்டும் சரிபார்ப்பு எண் தவறாக இருந்தது. சுருக்கிய கோப்பு ஒவ்வொன்றின் இறுதியிலும், உள்ளே இருப்பது சிதையாமல் இருக்கிறதா என்று சோதிப்பதற்காக எட்டு பைட்டுகள், அதாவது எட்டு எழுத்து அளவு, ஒதுக்கப்பட்டிருக்கும். அவற்றுள் நான்கு சரிபார்ப்பு எண். மற்ற நான்கு மூலப் பிரதியின் நீளம். பதிவு முழுவதும் செம்மையாக இருக்க, இந்த எட்டு பைட்டுகள் மட்டும் வேறாயிருந்தன. காரணம் விளங்கவில்லை. அவர் அந்த எண்ணைக் கையால் திருத்திவிட்டுப் புகாரை முடித்தார். விஷயத்தை மறந்தும் போனார்.

இதை அவரே எழுதியிருக்கிறார் என்பது நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மின்விசிறி கிறீச்சிட்டால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அப்பால் போகும் வழக்கம் நம் வீடுகளில் மட்டும் இருப்பதன்று.

சில மாதங்களுக்குப் பின் மறுபடியும் ஒரு கோப்பு கெட்டது, பிறகு இன்னொன்று. ஒவ்வொரு முறையும் அதே மாதிரி: பதிவு நன்றாயிருக்கும், கடைசி எட்டு பைட்டு மட்டும் கெட்டிருக்கும். இப்படிப் பல கோப்புகள் சேர்ந்தபின்தான் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க வழி பிறந்தது. வட்டு முழுவதையும் அலசியதில், முந்திய மூன்று மாதங்களில் 37 கோப்புகள் கெட்டிருப்பது தெரிந்தது. அவை 22 வெவ்வேறு நாட்களைச் சேர்ந்தவை. அவற்றுள் 18 நாட்களில் ஒவ்வொரு கோப்பே கெட்டிருந்தது. ஆனால் 2021 நவம்பர் 30-இல் ஏழு கோப்புகள்; டிசம்பர் 31-இல் ஆறு; 2022 ஜனவரி 31-இல் நான்கு. மாதத்தின் கடைசி நாளுக்கு மட்டும் ஏன் இந்தத் தோஷம்?

அக்கம்பெனியில் இதே வேலையைச் செய்யும் மற்றொரு கம்ப்யூட்டரும் மாற்றுக்காக வைக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு கோப்புக்கூடக் கெடவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றே: வாடிக்கையாளர்களுக்குக் கோப்புகளைக் கட்டிக் கொடுக்கும் வேலை முதற் கம்ப்யூட்டரில் மட்டுமே நடந்தது. வன்பொருளில் கோளாறு, நினைவகச் சில்லு பழுது என்றெல்லாம் சொல்லித் தப்பித்துக்கொள்வது இத்தொழிலில் எளிது. ஆனால் பழுதான சில்லு நாட்காட்டியைப் பார்த்தா பழுதாகும்?

கெட்ட கோப்புகளில் இருந்த அந்த எட்டு பைட்டுகளும் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருந்தன. அவற்றுள் முதலிரண்டு, ஆங்கிலத்தில் 'பி', 'கே' என்னும் எழுத்துகள். 1989-இல் 'ஸிப்' என்னும் கட்டுமுறையை வகுத்த ஃபில் காட்ஸ் என்பவரின் தலையெழுத்துகள் இவை. ஸிப் கட்டு ஒவ்வொன்றிலும் இவை பல இடங்களில் வரும். இங்கே காணப்பட்டவை, கட்டின் இறுதியில் வரும் பொருளடக்கத்தின் தொடக்க பைட்டுகள். மாதத்தின் எல்லா நாட்களும் கட்டப்பட்ட பின்னர், கடைசி நாளின் கோப்பை ஒட்டி, இந்தப் பொருளடக்கம் எழுதப்படும். கடைசி நாள் ஏன் கெட்டது என்பதற்கு ஒரு தடயம் அகப்பட்டுவிட்டது.

ஆனால் தடயம் புதிரை இன்னும் கடினமாக்கியது. ஸிப் கட்டும் நிரலுக்கு அந்தக் கோப்புகளைப் படிக்க மட்டுமே அனுமதி. எழுத அனுமதி கிடையாது. பொருளடக்கத்தை அது வாடிக்கையாளருக்கு அனுப்பும் பாதையில்தான் எழுதியது. பூட்டிய அலமாரிக்குள் இருக்கும் புத்தகத்தில், சாவியே இல்லாதவனுடைய கையெழுத்து எப்படி வந்தது?

கெல்லர்மன் முதலில் சந்தேகித்தது தம்மையே. அந்த நிரல்கள் அவர் எழுதியவை. வரி வரியாகப் பார்த்தும் குற்றம் காணவில்லை. மிஞ்சியது ஒன்றே: எல்லா நிரல்களுக்கும் அடியிலிருந்து நினைவகத்தையும் வட்டையும் பங்கிட்டுக் கொடுத்து, யாருக்கு எதில் அனுமதி என்று காவல் காக்கும் 'கெர்னல்' என்னும் கருநிரல். அங்கே இருந்தது லினக்ஸ் கெர்னல். 1991-இல் பின்லாந்தில் மாணவராயிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, பின்னர் உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் கைபட்டு வளர்ந்தது அது. நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போன் ஒவ்வொன்றின் அடியிலும் இருப்பது அதுவே. தம் பிழைக்கு அதைக் குற்றஞ்சாட்டுவது, கணக்கு உதைக்கும்போது பெருக்கல் வாய்பாட்டைச் சந்தேகிப்பது போன்றது. வேறு வழி ஒன்றும் இல்லாதபோதுதான் அதைச் செய்யவேண்டும் என்பதே அவருடைய கொள்கையும்.

வேறு வழி இல்லை. ஆகவே அவர் இரண்டு சின்னஞ்சிறு நிரல்களை எழுதினார். ஒன்று, ஒரு கோப்பில் 'ஏ' என்னும் எழுத்தை ஐந்தைந்தாக எழுதிக்கொண்டே போகும். மற்றது, அந்தக் கோப்பிலிருந்து சிறிது எடுத்து ஒரு குழாயில் விடும். பின்பு அதே குழாயில் 'பி' என்னும் எழுத்தை ஐந்து முறை எழுதும். கோப்பில் 'பி'யை எழுதுவார் யாரும் இல்லை. இரண்டையும் ஓடவிட்டார். கோப்பைத் திறந்தபோது உள்ளே 'பி' இருந்தது. 2022 பிப்ரவரி 19-ஆம் தேதி குற்றவாளி கெர்னலே என்று உறுதியாயிற்று. முதற் புகாரிலிருந்து எண்ணினால் பத்து மாதத்துக்குச் சில நாட்களே குறைவு.

இதற்கு மேல் வேகமாக நடந்தது. லினக்ஸின் 4.19-ஆம் பதிப்பில் இந்தச் சோதனை கெடுதல் செய்யவில்லை, 5.10-இல் செய்தது. இவ்விரண்டு பதிப்புகளுக்கும் இடையே கெர்னலில் செய்யப்பட்ட மாற்றங்கள் 1,85,011. அத்தனையையும் ஒவ்வொன்றாகப் படிப்பதென்றால் ஆயுள் போதாது. ஆனால் அகராதியில் சொல் தேடுகிறவன் முதலிலிருந்து புரட்டிக்கொண்டு வருவதில்லை. நடுவில் திறந்து, முன்னா பின்னா என்று பார்த்து, மறுபடி அந்தப் பாதியின் நடுவில் திறக்கிறான். அந்த முறைப்படி 17 படிகளில் குற்றமுள்ள மாற்றம் கைக்கு வந்தது. 2020-இல் வெளிவந்த 5.8-ஆம் பதிப்புக்காகச் செய்யப்பட்ட ஒரு சீரமைப்பு அது.

பிழை எப்படிப்பட்டது என்பதை விளக்க ஒரு ரிஜிஸ்தர் ஆபீஸை மனத்தில் கொள்ள வேண்டும். கிடங்கில் மூலப் பத்திரங்கள் இருக்கின்றன, அதுதான் வட்டு. ஒவ்வொரு முறையும் கிடங்குக்குப் போகாதிருக்க, அடிக்கடி வேண்டியவற்றை ஏடு ஏடாக மேஜைமேல் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள், அதுதான் நினைவகம். ஓர் ஏட்டின் அளவு 4,096 பைட்டு. கேட்கிறவர்கள் எல்லோருக்கும் மேஜைமேலுள்ள ஏட்டையே காட்டுவது கெர்னலின் வழக்கம். 'பைப்' என்னும் குழாய் இந்த ஆபீஸின் ஒரு மேஜையிலிருந்து இன்னொன்றுக்குத் தாள்களைக் கொண்டுபோகும் சாதனம். 1973-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்து யூனிக்ஸில் வந்த பழைய சாதனம்தான். லினக்ஸில் அது வட்டமாகச் சுழலும் பதினாறு தட்டுகளாக அமைந்திருக்கிறது. ஒருவர் வெள்ளைத் தாளில் நான்கு வரி எழுதித் தட்டில் வைத்தால், மீதி இடம் வீணாகாதிருக்க, 'இதன் கீழ் மேலும் எழுதலாம்' என்று தட்டில் ஒரு துண்டுச் சீட்டு வைக்கப்படும். அடுத்து எழுதுகிறவர் புதுத் தாள் எடுக்காமல் அதிலேயே தொடர்வார். இது நல்ல சிக்கனம்.

2006-இல் இன்னொரு சிக்கனமும் வந்தது. ஒரு கோப்பைக் குழாய் வழியே அனுப்ப அதை நகல் எடுப்பானேன்? மேஜைமேலிருக்கும் மூல ஏட்டையே தட்டில் வைத்து அனுப்பினால் படித்துக்கொள்ளமாட்டார்களா? இதற்கு 'ஸ்ப்ளைஸ்' என்று பெயர். மிகவும் சாமர்த்தியமான ஏற்பாடு. ஆனால் மூல ஏடு வைத்த தட்டில் 'மேலும் எழுதலாம்' என்னும் சீட்டு ஒருபோதும் இருத்தலாகாது.

2016-இல் வந்த 4.9-ஆம் பதிப்பில், மூல ஏட்டைத் தட்டில் வைக்கும் வேலைக்குப் புதிதாக எழுதப்பட்ட பகுதி, தட்டின் மற்ற அடையாளங்களையெல்லாம் சரியாக மாற்றிற்று. பழைய சீட்டு ஏதும் கிடக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. அன்று அதனால் கேடு விளையவில்லை. ஏனெனில் 'மேலும் எழுதலாம்' என்னும் குறிப்பு அக்காலத்தில் சீட்டில் இல்லாமல் வேறிடத்தில் வைக்கப்பட்டிருந்தது. 2020-இல் வேறொருவர் அமைப்பை எளிமைப்படுத்தக் கருதி, அக்குறிப்பைச் சீட்டுக்கு மாற்றினார். தட்டு வைக்கும் இடத்தில் பழைய சீட்டு களையப்படும் என்று அவர் நம்பியது நியாயமே. முன்னவரிடம் அசிரத்தை இருந்தது, ஆனால் அது தீங்கற்றதாயிருந்தது. பின்னவருடைய வேலை செம்மையானது, ஆனால் அதுதான் தீங்கைக் கொண்டுவந்தது. இவ்விருவருள் யாரைக் குற்றம் சொல்வது என்று கேட்டால் நம்மால் சொல்ல முடியவில்லை. பிழைகளைப் பற்றி நாம் அறிந்த வரலாறுகளுள் இவ்வளவு சங்கடமான தீர்ப்பு வேறொன்றில்லை.

ஆக, ஏற்கெனவே ஒருமுறை பயன்பட்டு, சீட்டு நீங்காத தட்டில் மூல ஏடு வந்து அமர்ந்தது. அடுத்து எழுதியவர் சீட்டைப் பார்த்து, மூலத்தின்மேலேயே எழுதிவிட்டார். அனுமதி உண்டா என்று யாரும் கேட்கவில்லை. குழாயில் எழுதுகிறவனிடம் கோப்பின் அனுமதியைக் கேட்பானேன்? எட்டு பைட்டு மட்டும் ஏன் கெட்டன என்பதும் இப்பொழுது விளங்குகிறது. ஸிப் கட்டுவதற்குச் சுருக்கிய பதிவு மட்டுமே வேண்டும். கோப்பின் இறுதியிலுள்ள எட்டு பைட்டு வேண்டியதில்லை. ஆகவே நிரல் அதற்கு முன்புவரை ஏட்டைத் தட்டில் வைத்துவிட்டு, அடுத்துப் பொருளடக்கத்தை எழுதிற்று. அது சரியாக அந்த எட்டு பைட்டின் மேல் விழுந்தது. கோப்பின் நீளத்தை இவ்வழியால் கூட்ட முடியாது. எனவே எட்டுக்கு மேற்பட்டது தங்கவில்லை. பத்து மாதத்துப் புதிரின் ஒவ்வொரு முடிச்சும் இவ்வாறு அவிழ்ந்துகொண்டு வந்ததைப் படித்தபோது, நாம் இரவு பன்னிரண்டு மணி ஆனதை அறியவில்லை.

கோப்புக் கெட்டதோடு போயிருந்தால் இதைப் பற்றி உலகம் பேசியிராது. தற்செயலாக நேர்ந்ததை வேண்டுமென்றே செய்ய முடியுமா என்று கெல்லர்மன் யோசித்தார். முடிந்தது. முதலில் குழாயின் பதினாறு தட்டுகளிலும் எதையாவது எழுதி நிரப்பவேண்டும். எல்லாவற்றிலும் சீட்டு விழும். பின்பு எல்லாவற்றையும் படித்துக் காலி செய்யவேண்டும். சீட்டுகள் அப்படியே கிடக்கும். அடுத்து, மாற்ற விரும்பும் கோப்பிலிருந்து ஒரே ஒரு பைட்டை ஸ்ப்ளைஸ் மூலம் உள்ளே விடவேண்டும். அதன் பின் குழாயில் எதை எழுதினாலும் அது கோப்பின்மேல் எழுதப்படும். கம்ப்யூட்டரைப் பயன்படுத்த அனுமதி பெற்ற எந்தச் சாதாரண நபரும், தாம் படிக்க மட்டுமே கூடிய கோப்பை இவ்வாறு மாற்றலாம். கணக்குதாரர் பட்டியல் கோப்பு அப்படிப்பட்டது. அதில் சில எழுத்துகளை மாற்றினால் கம்ப்யூட்டரின் முழு அதிகாரமும் அவர் கைக்கு வந்துவிடும். எழுதவே இயலாத வட்டத்தகட்டிலுள்ள கோப்பானாலும், மேஜைமேலிருக்கும் ஏடு மாறிவிட்டபடியால், படிக்கிறவர்கள் எல்லோருக்கும் மாறியதே தெரியும். இன்னும் விசித்திரம், ஏடு திருத்தப்பட்டதைக் கெர்னலே அறியாது. வேறு காரணத்தால் அந்த ஏடு வட்டுக்கு எழுதப்பட்டாலன்றி, கம்ப்யூட்டரை நிறுத்தித் தொடங்கியதும் பழைய எழுத்தே திரும்ப வந்துவிடும். திருடன் வந்துபோன சுவடும் இராது.

பிப்ரவரி 20-ஆம் தேதி, லினக்ஸின் பாதுகாப்புக் குழுவுக்கு அவர் பிழையின் விவரத்தையும், அதை நிரூபிக்கும் நிரலையும், திருத்தத்தையும் ஒருங்கே அனுப்பினார். திருத்தம் இரண்டே வரி. தட்டில் ஏட்டை வைக்கும் இரண்டு இடங்களில், சீட்டின் மதிப்பைப் பூஜ்யமாக்கு என்னும் ஒரே கட்டளை, இடத்துக்கு ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. மறுநாள் கூகிளின் பிக்ஸெல் 6 போனிலும் இதே பிழை வேலை செய்வதை அவர் கண்டு, ஆண்ட்ராய்டுக் குழுவினருக்கும் தெரிவித்தார்.

இங்கே ஒரு தர்மசங்கடம். லினக்ஸ் திறந்த வீடு. அதில் செய்யும் திருத்தம் எல்லோர் கண்ணிலும் படும். இன்ன பூட்டு இப்படித் திறக்கும் என்று அறிவித்துவிட்டுப் பூட்டை மாற்றப் புறப்பட்டால், திருடன் முந்திக்கொள்வான். ஆகவே பிப்ரவரி 21-ஆம் தேதி, டோர்வால்ட்ஸ் முதலியோரின் யோசனைப்படி, அபாயத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், விடுபட்ட ஒரு மதிப்பைச் சேர்க்கும் சாதாரணத் திருத்தமாகவே அது பொதுவில் வைக்கப்பட்டது. 23-ஆம் தேதி 5.16.11, 5.15.25, 5.10.102 ஆகிய திருத்தப் பதிப்புகள் வெளிவந்தன. 24-ஆம் தேதி கூகிள் அதை ஆண்ட்ராய்டுக் கெர்னலில் சேர்த்துக்கொண்டது. மார்ச் 7-ஆம் தேதிதான் கெல்லர்மன் முழு வரலாற்றையும் வெளியிட்டார். 'டர்ட்டி பைப்', அதாவது அழுக்குக் குழாய், என்று அதற்குப் பெயரிட்டார். 2016-இல் வெளிப்பட்ட 'டர்ட்டி கவ்' என்னும் வேறொரு லினக்ஸ் பிழையை நினைவுபடுத்தும் பெயர் அது. இரண்டு வாரம் மௌனம் காத்ததைப் பொய் என்று கூறும் கட்சியினரும் உண்டு. பூட்டு மாறும்வரை வாய் திறவாதிருப்பதை நாம் பொய்யென்று கருதவில்லை; மாறிய பின்னும் திறவாதிருந்தால் அது வேறு விஷயம்.

இதைப் படித்துத் தம் போனைச் சந்தேகத்தோடு பார்க்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. பிழை அபாயமாக இருந்தது 5.8-ஆம் பதிப்பிலும் அதற்குப் பிற்பட்ட கெர்னல்களிலும் மட்டுமே. 2022-இன் தொடக்கத்தில் அத்தகைய கெர்னலோடு வந்த போன்கள், அப்போது புதிதாகக் கடைக்கு வந்திருந்த விலை உயர்ந்தவை சிலவே. 'இது நன்றாகத்தானே ஓடுகிறது' என்று நான்கு வருஷத்துப் பழைய போனை விடாமல் வைத்திருந்த நம் வீட்டுப் பெரியவர்களை இந்தப் பிழை தொடவே இல்லை. அதற்காகப் புதுப்பிப்பு வரும்போதெல்லாம் 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிவிடுவதை நாம் ஆதரிப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கெர்னலின் பதிப்பு எண் போனின் அமைப்புகள் பகுதியில், போனைப் பற்றிய விவரங்களோடு இருக்கும். இரவு ஒன்பது மணிக்குத் திரும்பும் பிள்ளையைக் கேட்டால் எடுத்துக் காட்டுவான்.